டீலரை அணுகவும்!

இந்த வாரம் ஒரு புத்தக விமர்சனம்.

பயப்படாதீர்கள். பரிசு வாங்கிய நாவல் எல்லாம் இல்லை. புத்தகக் கண்காட்சியில் தேடினாலும் கிடைக்காது. ஆனால், கார் வைத்திருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரு காப்பி இருக்கும். டேஷ்போர்டு பெட்டிக்குள், இன்ஷூரன்ஸ் பேப்பருக்கும் எப்போதோ வாங்கின இருமல் மிட்டாய்க்கும் நடுவில், வாங்கின நாளிலிருந்து நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஓனர்ஸ் மேனுவல்!

நான் அதை அட்டை டு அட்டை படித்தேன். படிக்க வைத்தது ஒரு பல்பு.

கொஞ்ச நாள் முன்பு திருவண்ணாமலையில் ஒரு கிரகப்பிரவேசம். சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையோடு சென்னைக்குக் கிளம்பும்போதே இருட்டிவிட்டது. ஒரு விஷயத்தை முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறேன். என் காரின் வலது பக்க ஹெட்லைட் டிம்மில் எரியவில்லை என்று மூன்று நாளைக்கு முன்பே அபார்ட்மென்ட் வாட்ச்மேன் சொல்லியிருந்தார். நானும் சர்வீஸ் சென்டருக்குப் போன் அடித்தேன். "சனிக்கிழமைதான் சார் ஸ்லாட் இருக்கு. உங்க மாடலுக்கு பம்பரைக் கழட்டணும். லேபர் 1,200 ரூபா ஆகும்" என்றார்கள். பல்பு எவ்வளவு என்று கேட்டேன். "அது ஒரு 300 ரூபா வரும் சார்!"

300 ரூபாய் சரக்குக்கு 1,200 ரூபாய் கூலியா? பி.காம் படித்தவன் ரத்தம் கொதித்தது. சனிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம், இன்னொரு லைட்தான் எரிகிறதே என்று விட்டுவிட்டேன்.

செஞ்சி தாண்டி, திண்டிவனத்துக்கு முன்னால் ஓர் இடம். எதிரே கரும்பு ஏற்றின டிராக்டர் ஆடி ஆடி வருகிறது. அதன் பின்னாலிருந்து திடீரென்று ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஓவர்டேக் எடுத்து என் பக்கம் ஏறி வருகிறது. ஹாரன் அடிக்கக்கூட நேரமில்லை. பிரேக்கில் நின்றேன். அவர் கடைசி நொடியில் வண்டியை என் காருக்கு இந்தப் பக்கம் ஒடித்து, மண்ணில் இறங்கி, சாயாமல் காலை ஊன்றிக்கொண்டார். அவருக்கு முன்னால் நின்றுகொண்டு ஒரு சின்னப் பெண், ஐந்து வயது இருக்கும். பின்னால் கைக்குழந்தையோடு மனைவி.

நான் இறங்கி ஓடினேன். கெட்ட வார்த்தையில் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஒத்த லைட்டு சார்... பைக்குன்னு நெனச்சிட்டேன்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். சொல்லிவிட்டு, தப்பு அவருடையது போல, "மன்னிச்சிக்குங்க சார்" என்று வேறு சொன்னார்.

யோசித்துப் பாருங்கள். நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. எதிரே வருகிறவருக்குப் பக்கத்தில் இருப்பது நம்முடைய வலது ஹெட்லைட். அது செத்துப்போய் இடது லைட் மட்டும் எரிந்தால், இருட்டில் அவருக்கு என்ன தெரியும்? ரோட்டு ஓரமாக ஒரு மோட்டார் பைக் வருகிறது, நடு ரோடு காலி! அந்தக் 'காலி' இடத்தில்தான் என் காரின் முக்கால் பாகம் இருந்தது. அந்த அப்பா போட்ட கணக்கில் தப்பே இல்லை. பொய்க் கணக்கு கொடுத்தவன் நான்.

* * *

கை நடுக்கத்தோடு அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தினேன். அங்கே ஒரு நாமக்கல் லாரி நின்றுகொண்டிருந்தது. டிரைவர் டீ கிளாஸோடு என் காரையே பார்த்தார்.

"ஏனுங்க சார், வலது கண்ணு போயிருச்சுங்களா?"

"பம்பரைக் கழட்டினாதான் மாத்த முடியுமாம்."

சிரித்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். செல்போன் டார்ச்சை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே கையை விட்டார். இடது பக்கம் சுலபமாக வந்தது. கப்ளரை உருவி, ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி கிளிப்பைத் தள்ளி, ஆறவிட்டு, நல்ல பல்பைத் துண்டால் பிடித்து எடுத்தார். "கண்ணாடியக் கையில தொட்டுராதீங்க. எண்ணெப் பசை பட்டா சூட்டுல போயிரும்." வலது பக்கம்தான் சோதனை. பேட்டரிக்கும் விளக்குக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற அளவுக்குக்கூட இடமில்லை. திருகித் திருகி விட்டார். விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. இருபது நிமிஷம். வலது லைட் எரிந்தது. செத்த பல்பு இடது பக்கத்துக்குப் போனது.

"ஒத்தக் கண்ணோட போகணும்னா வலது கண்ணோட போங்க. எதிர்ல வர்றவனுக்கு உங்க வண்டி எங்க முடியுதுன்னாச்சும் தெரியும். மெதுவாப் போங்க. திண்டிவனத்துல கடை இருக்கும், ரெண்டையும் மாத்திருங்க."

பணம் நீட்டினேன். வாங்கவில்லை. "எதுக்குங்க? நாளைக்கு உங்க எதிர்ல நாந்தானுங்க வருவேன்" என்றார்.

* * *

வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. கீழே போய், டேஷ்போர்டிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன்.

இனி விமர்சனம்.

தடி புத்தகம். முந்நூற்றுச் சொச்சம் பக்கம். முழுக்க இங்கிலீஷ். தாள் தரம் நன்று. எழுத்துப் பிழை இல்லை. கதாநாயகன் யார் என்று தேடினால், அது டிரைவர் இல்லை, டேஷ்போர்டில் இருக்கும் டி.வி.பெட்டி! செல்போனை அதோடு ஜோடி சேர்ப்பது எப்படி என்று 14 பக்கம் படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். கப் ஹோல்டரில் சூடான காபி வைப்பதன் அபாயம் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. ஹெட்லைட் பல்பு மாற்றும் அத்தியாயம் எவ்வளவு தெரியுமா? ஒரே வரி. 'ஹெட்லைட் பல்பை மாற்ற, அங்கீகரிக்கப்பட்ட டீலரை அணுகவும்.'

ராத்திரி எட்டு மணிக்கு, செஞ்சி ரோட்டில், கரும்பு டிராக்டருக்கு எதிரே, எந்த டீலரை அணுகுவது?

என் மாமாவிடம் ஒரு பிரீமியர் பத்மினி இருந்தது. அதன் விளக்கு வட்டமாக, சாதுவாக இருக்கும். முன் வளையத்தைக் கழற்றினால் விளக்கு கையோடு வந்துவிடும். மாமா எல்.ஐ.சி. ஊழியர், மெக்கானிக் இல்லை. ஆனாலும் ஸ்க்ரூ டிரைவரும் ஒரு பழைய பனியன் துணியும் வைத்துக்கொண்டு அவரே மாற்றுவார். அந்தக் காரில் ஏ.சி. கிடையாது, பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஆனால், கார் மாமாவுடையதாக இருந்தது. என் காரோ என் பெயரில் ஆர்.சி., என் பெயரில் லோன் என்று இருக்கிறதே தவிர, உள்ளே கை வைக்கும் உரிமை மட்டும் கம்பெனியிடம்.

இது இப்படித்தான் இருந்தாக வேண்டுமா? இல்லை. ஐரோப்பிய நாடுகள் பின்பற்றுகிற ஐ.நா. வாகன விதிகளில் 48 என்று ஓர் எண் இருக்கிறது. விளக்குகளை வண்டியில் எப்படிப் பொருத்த வேண்டும் என்பது பற்றியது. அதில் ஒரு ஷரத்து: நிபுணர் உதவி இல்லாமல், காரோடு கொடுக்கப்பட்ட கருவிகளைத் தவிர வேறு விசேஷக் கருவி இல்லாமல், புத்தகத்தைப் பார்த்தே பல்பை மாற்ற முடிய வேண்டும். பாருங்கள், ஒரு சர்க்கார் விதிக்கே தெரிந்திருக்கிறது, பல்பு ராத்திரியில்தான் போகும் என்று!

ஆனால், அதிலும் ஒரு ஓட்டை. பல்பைத் தனியாக மாற்றவே முடியாதபடி ஒரே துண்டாகச் செய்த விளக்குக்கு இந்த விதி பொருந்தாது. இன்றைய எல்.இ.டி. ஹெட்லைட்டில் பல, அந்த ஜாதிதான். எல்.இ.டி. நல்ல சாமான். கரண்ட் குறைவு, ஆயுள் அதிகம். ஆனால், அதற்கும் சூடு ஆகாது. உள்ளே தண்ணீர் இறங்கினால், கூட இருக்கும் மின் சுற்று போய்விடும். போனால் 300 ரூபாய் பேச்சே இல்லை. முழு விளக்கையும் மாற்ற வேண்டும். பல ஆயிரங்களில் பில் ஆரம்பிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இது பழைய கதை. அமெரிக்காவில் 1940-ல் இதே மாதிரி முழுதாக மூடின 'சீல்டு பீம்' விளக்கு வந்தது. இழை போனால் மொத்த விளக்கையும் மாற்ற வேண்டும். பல்பை மட்டும் மாற்றும் வகைக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1983-ல்தான். ஆனால், அந்தக் கால சீல்டு பீமில் ஒரு நியாயம் இருந்தது. எந்தக் கம்பெனி காராக இருந்தாலும் 7 அங்குல வட்டம்தான். பின்னால் இன்னும் சில சைஸ்கள் சேர்ந்தன, அவ்வளவே. எந்தக் கடையிலும் கிடைக்கும், மலிவாகக் கிடைக்கும். இன்றைக்கு மாடலுக்கு ஒரு முகம், முகத்துக்கு ஒரு விளக்கு. ஒருத்தர்தான் விற்பார், அவர் சொன்னதுதான் விலை. காமர்ஸ் பாடத்தில் இதற்கு மோனோபொலி என்று பெயர். கார் உலகத்தில் ஸ்டைலிங் என்று பெயர்.

நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் 'ரிப்பேர் செய்யும் உரிமை' என்று ஓர் இணையதளம் தொடங்கியது. செல்போன், விவசாயக் கருவி, வீட்டுச் சாமான்களோடு கார்களும் அதில் சேர்த்தி. தகவல் கொடுப்பது நல்ல ஆரம்பம். ஆனால், கை நுழையாத இடத்தில் இணையதளம் நுழைந்து என்ன செய்யும்?

* * *

கம்பெனியை இவ்வளவு திட்டியாயிற்று. இப்போது நம்மைத் திட்டிக்கொள்வோம்.

கரண்ட் என்றால் எனக்கு கரண்ட் அக்கவுன்ட்தான் தெரியும். அதனால், பல்பு ஏன் போகிறது என்று புதுப்பேட்டையில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடையில் போய் உட்கார்ந்து பாடம் கேட்டேன். கேட்டதை அப்படியே தருகிறேன்.

நம் ஊரில் எச்-4 என்ற ஹாலோஜன் பல்பு ரொம்பப் பிரசித்தம். 60/55 வாட்ஸ். உள்ளே டங்ஸ்டன் இழை இரண்டு. ஒன்று பிரைட், ஒன்று டிம். எரியும்போது இழையின் சூடு 2,500 டிகிரி செல்சியஸுக்கு மேல். அந்தச் சூட்டில் டங்ஸ்டன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். உள்ளே இருக்கும் ஹாலோஜன் வாயு அதைப் பிடித்துக்கொண்டு வந்து மறுபடி இழையிலேயே சேர்க்கும். ஆனால், எடுத்த இடத்திலேயே வைக்காது. அதனால், எங்கோ ஓர் இடம் மெலிந்துகொண்டே வரும். ஒரு நாள் சுவிட்சைப் போட்டதும், ஆறிக் கிடந்த இழையில் சட்டென்று பல மடங்கு கரண்ட் பாய, அங்கே அறுந்துவிடும். நாம் ஊருக்குள் பெரும்பாலும் டிம்மில்தானே ஓட்டுகிறோம்? அதனால், முதலில் சாவது டிம் இழைதான்.

இங்கேதான் நம் புத்தி வேலை செய்கிறது. டிம் போனால் என்ன செய்வோம்? பிரைட்டில் போவோம்! "டிம் எரியல சார், அதான்..." என்று போலீஸிடம் சொல்லவும் செய்வோம். நம் பல்பு போனதற்கு எதிரே வருகிறவன் கண்ணைப் பறிப்பது எந்த ஊர் நியாயம்?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி 106 ரொம்பத் தெளிவு. விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒரு கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. அந்த உயரத்தில் யாருடைய கண் இருக்கும்? எதிரே வரும் பைக்காரருடைய கண்! ஒரு காலத்தில் ஹெட்லைட் நடுவில் கறுப்புப் பொட்டு வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அழகு இல்லைதான். ஆனால், அந்தப் பொட்டில் அடுத்தவன் கண்ணைப் பற்றிய ஒரு நினைப்பாவது இருந்தது.

இன்னொரு கோஷ்டி இருக்கிறது. பல்பு போனதும் ஜி.பி. ரோட்டுக்குப் போய், 'பளிச்சுனு தெரியணும் பாஸ்' என்று ஹாலோஜன் கிண்ணத்துக்குள் எல்.இ.டி. பல்பைச் செருகுகிற கோஷ்டி. எச்-4 பல்பை உற்றுப் பாருங்கள். டிம் இழைக்குக் கீழே குட்டியாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சம் மேலே தெறிக்காமல் தடுப்பது அதுதான். இழை இருக்கும் இடத்துக்கு மில்லிமீட்டர் கணக்குப் பார்த்துத்தான் பின்னால் இருக்கும் பிரதிபலிப்பானை வளைத்திருக்கிறார்கள். அங்கே வேறு உருவத்தில் ஒன்றைச் செருகினால், வெளிச்சம் ரோட்டுக்குப் போகாமல் எதிராளி முகத்துக்குப் போகும். நமக்கு மரத்து உச்சியெல்லாம் தெரியும். ரோட்டில் இருக்கும் பள்ளம் தெரியாது.

100/90 வாட்ஸ் பல்பு போடுகிறவர்களுக்கு வகுத்தல் கணக்கு. 55 வாட்ஸ் இரண்டு என்றால் 110. பன்னிரண்டு வோல்ட்டால் வகுத்தால் சுமார் 9 ஆம்பியர். 90 வாட்ஸ் இரண்டு என்றால் 15. ஒன்பது ஆளுக்குக் கட்டின பாலத்தில் பதினைந்து பேரை ஏற்றுவது மாதிரி. கப்ளர் உருகும், ஒயர் கருகும்.

2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருஷம் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. நாளில் அதிகம் விபத்து நடந்த நேரம் மாலை 6 முதல் 9 வரை. எல்லாவற்றுக்கும் பல்புதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால், ஹெட்லைட் போடுகிற நேரமும் அதுதான் இல்லையா?

* * *

சரி, அந்தப் புத்தகத்தில் இல்லாத அத்தியாயத்தை நானே எழுதிவிடுகிறேன். கத்தரித்து உள்ளே செருகி வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு முறை, வீட்டுச் சுவரைப் பார்த்து காரை நிறுத்தி, டிம், பிரைட் இரண்டையும் போட்டுப் பாருங்கள். சுவரில் விழும் வட்டங்களே காட்டிக்கொடுக்கும். பின் லைட்டை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் போனால் பெரும்பாலும் பல்பு. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் ஃபியூஸ், ரிலே அல்லது சுவிட்ச். சந்தேகமாக இருந்தால் இடது பல்பை வலதில் மாட்டிப் பாருங்கள். நல்ல பல்பும் அங்கே எரியவில்லை என்றால், கோளாறு ஃபியூஸிலோ ஒயரிலோ. கப்ளர் பழுப்பேறி உருகியிருந்தால், பிடிப்பு லூஸ். அதை மாற்றாமல் பல்பை மட்டும் மாற்றினால் மறுபடி போகும்.

அடிக்கடி பல்பு போகிறதா? பல்பைத் திட்டாதீர்கள், வோல்ட்டேஜைப் பாருங்கள். வோல்ட்டேஜ் 5 சதவிகிதம் ஏறினால் பல்பின் ஆயுள் ஏறக்குறையப் பாதி. 10 சதவிகிதம் இறங்கினாலோ வெளிச்சத்தில் சுமார் 30 சதவிகிதம் போய்விடும். செத்த விளக்காவது கண்ணுக்குத் தெரியும். இப்படி அரை உயிரில் இருக்கும் விளக்கு தெரியவே தெரியாது.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். இரண்டும் ஒரே நாளில் வாங்கினது, ஒரே அளவு உழைத்தது. தேய்மானம் ஒரே ரேட்டில்தான் ஓடும். ஒன்று போனால் இன்னொன்று நோட்டீஸ் பீரியடில் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு ஜோடி ஸ்பேர் பல்பு வண்டியிலேயே கிடக்கட்டும்.

ராத்திரியில் நடு வழியில் போய்விட்டால், முதலில் ஓரமாக நிறுத்துங்கள். முடிந்தால் நல்ல பல்பை வலது பக்கம் மாற்றுங்கள். முடியாவிட்டால் மெதுவாக அடுத்த ஊர் வரை. தயவுசெய்து பிரைட்டில் மட்டும் போகாதீர்கள்.

முக்கியமாக ஒன்று. புது கார் பார்க்கப் போகும்போது, சன்ரூஃபைத் திறந்து காட்டுகிற விற்பனைப் பையனிடம், "தம்பி, பானட்டைத் திறந்து ஹெட்லைட் பல்பை மாத்திக் காட்டுப்பா. எல்.இ.டி.ன்னா முழு விளக்கு என்ன விலைன்னு எழுதிக் கொடுப்பா" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் மானேஜர் காதுக்குப் போகும். பத்தாயிரம் பேர் கேட்டால் அந்தப் புத்தகத்தில் ஒரு பக்கம் கூடும்.

2017 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் தயாராகும் பைக்குகளில் பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிகிறது. அணைக்க சுவிட்சே கிடையாது. "வெயில்ல எதுக்குய்யா லைட்டு?" என்று எத்தனை பேர் சிரித்தோம்? எனக்கு அர்த்தம் செஞ்சி ரோட்டில்தான் புரிந்தது. ஹெட்லைட் நாம் பார்ப்பதற்கு மட்டும் இல்லை. நாம் இங்கே இருக்கிறோம், இவ்வளவு அகலம் இருக்கிறோம் என்று எதிரே வருகிறவருக்குச் சொல்வதற்கும்தான்.

அந்த எக்ஸ்.எல். கிளம்பும்போது, முன்னால் நின்ற அந்தச் சின்னப் பெண் திரும்பி என் காரையே பார்த்துக்கொண்டு போனாள். என்னை இல்லை. எரியாத அந்த வலது பக்கத்தை.

இன்றைக்கு ராத்திரி வண்டி எடுப்பதற்கு முன்னால், ஒரு நிமிஷம் இறங்கி உங்கள் காரின் முன்னால் போய் நின்று பாருங்கள்.

அதற்கு டீலரை அணுக வேண்டியதில்லை!